எந்தத் தாய்?

கடலூரிலிருந்து மேற்கே போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தை நெருங்கும்போதே அரவைப் பருவம் தெரிந்துவிடும். பாகு காய்கிற வாடை காற்றில் வரும். கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். பாரி நிறுவனம் இங்கே சர்க்கரை ஆலை தொடங்கியது 1842இல். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று அதைச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் பண்ருட்டி, பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண். இன்னும் தெற்கே போனால் நெய்வேலி. 1934இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் உருவானது, 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார், வட்டம் வட்டமாக எண் போட்டு ஒரு நகரியம் எழுந்தது.

கரும்பு வெட்டுகிறவளும், முந்திரிக்கொட்டை உடைக்கிறவளும், சுரங்கத் தொழிலாளியின் மனைவியும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வாழ்கிறார்கள். மூவரும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். அரசுப் புள்ளிவிவரத்தில் மூவரும் ஒரே வரிதான்.

அந்த ஒற்றை வரி எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு எத்தனை பெண் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் 2001இல் வந்த விடை 942, 2011இல் வந்தது 943. பத்தாண்டில் ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது. படிப்பவர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அதே பத்தாண்டில் கடலூர் மாவட்டம் 950க்கு மேலே இருந்து 896க்கு விழுந்தது. மாநிலத்திலேயே மிகக் குறைந்த எண் அது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன சேலமும் தருமபுரியும் கூட அன்று இதைவிட மேலே இருந்தன. சராசரி அசையவே இல்லை. ஒரு மாவட்டத்தில் பெண் குழந்தைகள் குறைந்துகொண்டே போனார்கள்.

தாய்-சேய் நலத்தை ஆராய்கிறவர்களின் வரலாறு என்பது, சராசரியை நம்ப மறுத்து "எந்தத் தாய்?" என்று திரும்பக் கேட்டவர்களின் வரலாறு. தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

அதற்கும் முன்னால் கணக்கு மருத்துவச்சியின் நெஞ்சில் இருந்தது. ஊர்ப் பிள்ளைப்பேறுகள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்ணின் கையில் நடந்தன. கூலி நெல்லாகவும் பழஞ்சேலையாகவும் வரும். எந்த வீட்டில் யாருக்கு மூன்று பிள்ளை தங்கவில்லை, எவள் இரண்டாவது பேற்றில் உதிரம் நிற்காமல் போனாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எழுத்து தெரியாது. அவள் போனதும் அந்தக் கணக்கும் போய்விடும். அரசின் ஏட்டில் ஊர் முன்சீப்போ கணக்குப்பிள்ளையோ பிறப்பு இறப்பு எழுதினார்கள், சாவுக்குக் காரணம் கேட்டால் பாதிக்குப் பாதி "காய்ச்சல்". அந்தக் காய்ச்சல்களுக்குள் பிள்ளை பெற்றுச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

நகரத்திலும் எல்லாத் தாய்மாருக்கும் ஆஸ்பத்திரி வாசல் திறந்திருக்கவில்லை. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும், பொது வார்டில் படுக்க மறுத்த மேல்சாதி இந்துப் பெண்களும் சென்னையில் வீட்டுக்குள்ளேயே மடிந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் 1885இல் அவர்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். பெயரே "சாதி மற்றும் கோஷா மருத்துவமனை". இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணிப் பக்கம் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும்.

அந்த கோஷா ஆஸ்பத்திரிக்கு 1931இல் ஓர் ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர் வந்தார். பெயர் லூசி வில்ஸ். மருத்துவம் படித்திருந்தாலும் நோயாளிகளைப் பார்ப்பதைவிட ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதில்தான் அவருக்கு நாட்டம். அவர் இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம் மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவர். பிள்ளைப்பேற்றில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று பம்பாயில் நடந்துகொண்டிருந்த விசாரணையின் ஒரு பகுதியாக 1928இல் வில்ஸ் அழைக்கப்பட்டார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் கருவுற்ற சில மாதங்களில் வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, சிலர் பிள்ளை பெற்ற கையோடு இறந்தார்கள். சோகை என்று சொல்லலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தால் வரும் சோகையில் ரத்த அணுக்கள் சிறுத்திருக்கும். இந்தப் பெண்களின் ரத்தத்தில் அவை அளவு மீறிப் பெருத்திருந்தன.

முதலில் கிருமியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு வில்ஸ் ஆய்வகத்தை விட்டு இறங்கி வேறொன்றைத் தேடினார்: இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? எந்த வகுப்புப் பெண்களுக்கு இது அதிகம், யாருக்கு இல்லை? ஏழை முஸ்லிம் பெண்களிடம் நோய் மிக அதிகமாக இருந்தது. அவர்களின் தட்டில் கீரையும் காயும் பழமும் பாலும் ஏறக்குறைய இல்லை. வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்தச் சோகை அரிது. ஒரே நகரம், ஒரே கருப்பம், இரண்டு வகை ரத்தம். இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம், அந்தக் காலத்து வெள்ளை மருத்துவர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். வில்ஸ் தட்டைப் பார்த்தார்.

1929இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார். ராபர்ட் மெக்காரிசன் அங்கே சத்துணவு ஆய்வு நடத்திக்கொண்டிருந்த காலம். பம்பாய்ப் பெண்கள் உண்ட அதே குறைச் சாப்பாட்டை எலிகளுக்கும், பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். சோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் தெளிந்தது. பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்த மார்மைட் என்ற கரும்பசை அப்போது கடைகளில் மலிவாகக் கிடைத்தது. ஈரல் சாறு கொடுத்தாலும் நோய் குணமாகும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அதன் விலை ஆலைப் பெண்ணுக்கு எட்டாது. மார்மைட்டைச் சாப்பிட்ட தாய்மார் சில நாட்களில் தெம்பு பெற்று எழுந்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஈஸ்டுக்குள் இருக்கும் பொருள் எதுவென்று தெரியாததால் "வில்ஸ் காரணி" என்றே கொஞ்சகாலம் பெயர். 1941இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இலையில் இருந்த மருந்து அது. நம் ஊரில் முருங்கை கொல்லைப்புறத்திலேயே நிற்கிறது. அப்படியிருந்தும் எத்தனை கர்ப்பிணிகளின் தட்டுக்கு அது வந்து சேர்கிறது என்ற கேள்வி வில்ஸ் காலத்திலிருந்து இன்னும் கிழடாகவில்லை.

விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் அக்கறையெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. தாயின் உடம்பைப் பற்றிய கேள்வி, அவள் எத்தனை பெறுகிறாள் என்ற கேள்விக்குள் கரைந்துபோனது. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதை ஒருவகையில் மீட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊரிலேயே ஒரு பெண் ஊழியர் மாதந்தோறும் தராசில் நிறுத்தினார். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்குத்தான் சத்துருண்டை, அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சோறு போட்டது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பள்ளிக்கோ பால்வாடிக்கோ நடந்து வரமுடியாத வயதுக் குழந்தையைத் தேடிப் போனது அந்தத் தராசு.

தராசுக்கு அடுத்து நோட்டுப் புத்தகம். கிராம சுகாதார செவிலியரை ஊர்ப் பெண்கள் நர்சம்மா என்பார்கள். கருவுற்றவர் யார், எத்தனையாவது மாதம், தடுப்பூசி போட்டதா, குழந்தை பிறந்ததா, இருக்கிறதா இல்லையா எல்லாம் அவர் பேரேட்டில் ஏறும். தொண்ணூறுகளில் அந்தப் பேரேடுகளில் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்தது: "சமூகக் காரணத்தால் மரணம்". பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தைக்கு நேர்ந்ததை அந்த மூன்று சொற்களில் எழுதினார்கள். ஊருக்குள் வாழவேண்டிய செவிலியர் அதைவிடப் பச்சையாக எழுத முடிந்திருக்காது. எழுதாமலும் விடவில்லை. அந்தத் துணிவுக்கு இதுவரை யாரும் தக்க மரியாதை செய்யவில்லை.

ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்த ஆரம்ப சுகாதார நிலையப் பேரேடுகளை மாநிலம் முழுவதும் திரட்டிப் படித்து 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிசுக்கொலை உசிலம்பட்டியின் கதை மட்டும் என்று பத்திரிகைகள் பேசிக்கொண்டிருந்தன. மதுரையிலிருந்து சேலம், தருமபுரி, வட ஆற்காடு வரை ஒரு நீண்ட பட்டையாக அது கிடந்ததை அந்த ஆய்வு வரைபடத்தில் காட்டியது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. தருமபுரியில் கலைப்பயணம் என்று தெருக்கூத்தும் பாட்டுமாக ஊர் ஊராகப் பேசினார்கள். சிசுக்கொலை குறைந்தது. ஆனால் ஸ்கேன் இயந்திரம் சிற்றூர் வரை வந்துவிட்ட காலம் அது. 2011 எண்கள் வெளியானபின் தொட்டில் திட்டம் நீட்டிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து போட ஒரு தொட்டில் வைத்தார்கள். கருவிலேயே இல்லாமல் போகும் குழந்தைக்குத் தொட்டில் எதற்கு? பழைய நோய்க்கு எழுதிய சீட்டைப் புதிய நோய்க்குக் கொடுத்ததாகத்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாய்மாரின் சாவுக்கு வருவோம். இங்கே தமிழ்நாடு செய்த ஒரு காரியம் உலகமே எடுத்துப் பேசுவது, நம் ஊரில் பலருக்குத் தெரியாதது.

1994 முதல் கருப்பத்திலோ பேற்றிலோ ஒரு பெண் இறந்தால் அந்தச் சாவைத் தணிக்கை செய்யும் பழக்கம் இங்கே தொடங்கியது. 2004இல் அரசாணை அதைக் கட்டாயமாக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ வீடோ, எங்கே இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போகவேண்டும். ஒரு குழு வீட்டுக்கு வந்து நடந்ததைக் கேட்டு எழுதும். வலி எப்போது கண்டது, யார் பார்த்தார், வண்டி எப்போது கிடைத்தது, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ரத்தம் இருந்ததா. பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம். இறந்தவளின் உறவினர்களும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். மகளை இழந்த ஒரு தாய் ஆட்சியருக்கும் மருத்துவர்களுக்கும் முன்னால், "ரெண்டு மணி நேரம் வெளியவே நிறுத்தி வெச்சிருந்தாங்க சாமி" என்று சொல்லக்கூடிய இடம் நம் நிர்வாகத்தில் வேறெங்கே இருக்கிறது?

அந்தக் கூட்டங்களில் கேட்டவை கோப்புக்குள் செத்துப்போகவில்லை. இரவில் வலி கண்டால் ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தது, மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைச் சுழற்சியில் போட்டு 24 மணி நேரமும் திறந்துவைத்தார்கள். ரத்தம் கிடைக்காமல் செத்தார்கள் என்று தெரிந்தது, தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில் அவசரப் பேறுகால மையங்கள் வந்தன. வண்டி கிடைக்கவில்லை என்பதற்கு விடையாக 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பேற்று அறையில் தனியே கிடந்து பயந்தார்கள் என்பதால் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தார்கள். சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தினார்கள். கண்ணாடி வளையல் அடுக்கிய கையோடு ஒருமுறை வந்து போனவளுக்கு அந்தக் கட்டடம் அந்நியமில்லை. 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி படிப்படியாக 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03இல் 134 தாய்மாரை இழந்த மாநிலம், 2018-20இல் 54 பேரை இழந்தது. நாட்டின் சராசரி அப்போது 97.

இந்தச் சாதனைக்குள்ளும் நுழைந்து எந்தத் தாய் என்று கேட்டவர் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் தொண்ணூறுகளின் நடுவில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களோடு பேசி 2003இல் ஒரு நூல் எழுதினார். அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வாங்கும் வசவையும், கேட்காமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்படுவதையும் அவர் பதிவு செய்தார். வலி வருவதற்கு ஊசி போடச் சொல்லிப் பெண்களே கேட்டதையும், வலியைச் சக்தியாக அவர்கள் எண்ணியதையும் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். சாவு விகிதம் இறங்கிய காலத்தில் மரியாதை எவ்வளவு ஏறியது என்பதை எந்த அட்டவணையும் அளக்கவில்லை.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கேள்விதான். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வழிவந்த தாய்மார் ஏழைகளாக இருந்தும் அவர்களின் குழந்தை இறப்பு விகிதம் வெள்ளையரோடு ஒட்டியே இருப்பதை 1986இல் கிரியாகோஸ் மார்கிடிஸும் ஜெனீன் கோரீலும் எழுதினார்கள். பெரிய வியப்பாகப் பேசப்பட்டது. மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ என்று பிரித்துப் பார்த்ததும் படம் மாறியது, போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் கூடுதலாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோவில் பிறந்து வந்த தாயைவிட, அமெரிக்காவிலேயே பிறந்த அவள் மகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வசதி வந்தால் நலமும் வரும் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி.

நெல்லிக்குப்பம் வாசகர் கவனிக்க வேண்டிய ஆய்வு இன்னொன்று. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு கீரைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பேர்போனது. அங்கே வயலில் குனிந்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக் குடும்பங்கள். 1999-2000இல் தொற்றுநோயியல் ஆய்வாளர் பிரெண்டா எஸ்கெனாசியின் குழு 601 கர்ப்பிணிகளைப் பதிவு செய்தது. மெக்சிகோ வழக்கில் சின்னப் பிள்ளைகளைக் குறிக்கும் சாமாகோஸ் என்ற சொல்லே ஆய்வின் பெயர். தாயின் சிறுநீரில் பூச்சிமருந்தின் தடத்தை அளந்துவைத்துவிட்டு, பிறந்த குழந்தைகளை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார்கள். கருவில் மிக அதிகமாக மருந்து பட்ட குழந்தைகளுக்கும் மிகக் குறைவாகப் பட்டவர்களுக்கும் ஏழு வயதில் அறிவுத்திறன் அளவில் ஏழு புள்ளி வேறுபாடு இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள்.

கரும்புக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் மருந்து அடிக்கிற நாளில் வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்கு நிற்கும் பெண் நம் பக்கத்திலும் உண்டு. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரியாமல் இருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கிறார்கள். கரும்புக்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் ஒரு எச்சரிக்கை. அங்கே வெட்டுக்குப் போகும் பெண்கள் மாதவிலக்கில் ஒரு நாள் நின்றாலும் கூலியில் வெட்டு. 2019இல் அரசு அமைத்த நீலம் கோர்ஹே குழு கேட்டறிந்த 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். கரும்பு வெட்டும் பெண்களிடம் தனியே கேட்டதால்தான் அந்த எண் கிடைத்தது.

கடலூர்க்காரர்கள் இப்படிக் கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் புகையை அதிகாரிகள் மறுத்தபோது, சுற்றுப்புற ஊர் மக்கள் 2004இல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று குழு சேர்ந்தார்கள். எந்த மணி நேரத்தில் எந்த நாற்றம் என்று நோட்டில் குறித்தார்கள், காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கே அவர்களின் முதல் கருவி.

இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பேறும் மருத்துவமனையில்தான். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 குழந்தைகள் வயிற்றைக் கிழித்தே பிறக்கின்றன. தனியாரில் அது 64, அரசில் 36. ஒருகாலத்தில் அறுவை கிடைக்காமல் செத்த இடத்தில் இன்று வேண்டாத அறுவையும் கலந்திருக்கிறது. அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்குச் சோகை. அதற்கு முந்தைய சுற்றில் 44. சாவு குறைந்த மாநிலத்தில் வெளுத்த தாய்மார் கூடியிருக்கிறார்கள்.

துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு பெண்ணின் கையில் நர்சம்மா சிவப்பு மாத்திரை அட்டையைக் கொடுக்கிறார். ஒவ்வொரு மாத்திரையிலும் இரும்பும், வில்ஸ் தேடிய அந்த ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் இருக்கின்றன. 180 நாள் விடாமல் போடவேண்டும்.

"போன மாசத்து அட்டை தீர்ந்துச்சாம்மா?"

"குமட்டுது நர்சம்மா. வெளிக்கி கறுப்பாப் போவுது. காலையில வெறும் வயித்தோட வேலைக்கு ஓடுறேன், எப்பப் போடுறது?"

செவிலியர் பேரேட்டைத் திறந்து "மாத்திரை வழங்கப்பட்டது" என்ற கட்டத்தில் குறி போடுகிறார். வெறும் வயிற்றோடு ஓடுகிறாள் என்று எழுத அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிவைக்கிறார்: கொட்டை உடைப்பு, காலை 5 மணி.